கூடையில் ஒன்று கிடக்கட்டும்

நெற்றிக்காசுக்கு ஒரு ரூபாய் நாணயம் கேட்டார்கள். சட்டைப்பைக்குள் கையை விட்டேன். அரைக்கட்டு பீடியும், எந்தப் பூட்டுக்கு உரியது என்று தெரியாத ஒரு சாவியும் வந்தன.

"இதுல எதை ஒட்டணும்?" என்று கேட்டேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. படுக்கவைத்திருப்பது என் பெண்டாட்டியை, அதனால் சிரிக்க மாட்டார்கள் என்பது கொஞ்சம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. வாய் மட்டும் அதன் பழக்கத்துக்குப் பேசிக்கொண்டிருந்தது. மற்றதெல்லாம் மரத்துக் கிடந்தது.

அடுப்பங்கரை மாடக்குழியில் அவளுடைய பவுடர் டப்பா இருந்தது. மூடியில் கத்தியால் கீறி, துட்டுப் போட ஓட்டை வைத்திருப்பாள். மூடியைத் திருகிக் கவிழ்த்தேன். ஒரே ஒரு ரூபாய் விழுந்தது. கல்யாணம் ஆகி இத்தனை வருஷமாகச் சேர்த்தது இவ்வளவுதானா, என்னைவிடக் கெட்டிக்காரி என்றல்லவா நினைத்திருந்தேன் என்று ஓர் எண்ணம் ஓடியது. எடுத்துக் கொடுத்தேன். சந்தனத்தைக் குழைத்து அவள் நெற்றியில் ஒட்டினார்கள்.

மஞ்சள்காமாலை. வந்தது தெரிந்தது, அவள் போனது தெரியவில்லை.

அவளைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, சொந்தக்காரப் பெண்கள் வழக்கப்படி வீட்டைக் கழுவிவிட்டார்கள். நான் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு திரும்பியபோது வாசல் வரைக்கும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மூலையில் இருந்த கோழிக்கூடையைக் கவிழ்த்துப்போட்டிருந்தார்கள். அதிலிருந்த வைக்கோலும், வைக்கோலுக்குள் இருந்த பழைய முட்டையும் குப்பைக்குப் போய்விட்டன. "அழுகுன முட்டையை வச்சிக்கிட்டு இருந்திருக்கா, பாவம்" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது.

அந்த முட்டையைப் பற்றி அந்த வீட்டில் என்னைவிட அதிகம் தெரிந்தவர் யாரும் கிடையாது. ஏனென்றால் அதுமாதிரி ஒன்றை நான் தின்றிருக்கிறேன்.

கல்யாணமான புதிது. நான் விசைத்தறி ஓட்டுகிறவன். எங்கள் ஊரில் பாதிப்பேருக்கு அதுதான் பிழைப்பு. அந்தப் பாதிப்பேருக்கும் தறிச் சத்தத்தில் காது மந்தம். ஒரு நாள் ஷிப்ட் முடிந்து பசியோடு வந்தால் வீட்டில் அவள் இல்லை. தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். கோழிக்கூடையில் ஒரு முட்டை கிடந்தது. அதன் மேல் அடுப்புக்கரியால் ஒரு கோடு போட்டிருந்தது. புருஷனுக்கென்று அடையாளம் போட்டுத் தனியாக எடுத்து வைத்திருக்கிறாள், எவ்வளவு பாசம் என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தோசைக்கல்லைப் போட்டு அதில் உடைத்து ஊற்றினேன். அடுத்த நிமிஷம் தெருநாய் எழுந்து வேறு தெருவுக்குப் போனது. அப்படியொரு நாற்றம். அப்போதும் நான் விடவில்லை. பாசமாக வைத்ததாயிற்றே என்று ஓரத்தில் ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டேன்.

குடத்தோடு வந்தவள் வாசலிலேயே குடத்தை இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்து சிரித்தாள். எழுந்திருக்கவே முடியவில்லை அவளுக்கு.

"ஏங்க, அது திங்கிறதுக்கா? கோழிக்கு வச்சதுங்க அது. கோழி போடுற முட்டையை எல்லாம் எடுத்துட்டா, காலியாக் கெடக்க கூடையைப் பாத்துட்டு அது வேற எங்கயாவது போயி முட்டை போட்டுரும். ஒண்ணு கெடந்தாத்தான் இது நம்ம எடம்னு திரும்பி வரும். தெரியாம எடுத்துரக் கூடாதுன்னுதான் கரிக்கோடு போட்டேன்."

"கோழிக்குத் தெரியும். எனக்கு யாரு சொன்னா?"

"கோழிக்கு மூளை இருக்கு" என்றாள்.

அதன்பிறகு ரொம்ப நாள், பேச்சு என் பக்கம் ஓங்கும்போதெல்லாம் "கரிக்கோடு" என்று ஒரு வார்த்தை சொல்லுவாள். நான் அடங்கிவிடுவேன்.

எங்கள் வீட்டில் இப்போது இருந்த சாம்பல் நிறக் கோழி, வீட்டைக் கழுவிய மறுநாள் வந்து கூடையை எட்டிப் பார்த்தது. வைக்கோலும் இல்லை, முட்டையும் இல்லை. கழுத்தைச் சாய்த்து என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தெருவைக் கடந்து எதிர்வீட்டு விறகுக் குவியலுக்குள் போய்விட்டது. தீனிக்கு மட்டும் எங்கள் வீட்டுக்கு வரும். முட்டை அங்கே.

எதிர்வீட்டு மதினி முட்டையை மறைக்கிறவள் இல்லை. தெருவுக்கே கேட்கச் சொல்லுவாள். "கொழுந்தனாரே, உம்ம கோழி இப்ப எங்க வீட்டு மருமவ. திங்கிறது பொறந்த வீட்டுல, பெறுறது புகுந்த வீட்டுல."

பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு, மச்சான் பேச்சை எடுத்தார். என் பெண்டாட்டியின் அண்ணன். இளையரசனேந்தல் பக்கம் மானாவாரிக் காடு வைத்திருக்கிறார். மழை பெய்தால் பருத்தி, மிளகாய், பெய்யாவிட்டால் பேச்சு. நல்ல மனுஷன். என்னைப் பிடிக்காது. அதுவும் அவர் நல்ல மனுஷன் என்பதற்கு ஓர் அடையாளம்தான்.

"மாப்ளே, புள்ளைய நான் கூட்டிட்டுப் போறேன். ரெண்டாங் கிளாஸ்தான படிக்கா, எங்கூருலயும் பள்ளிக்கூடம் இருக்கு. ஒரு வாரம் பகல் ஷிப்ட், ஒரு வாரம் ராத்திரி ஷிப்ட்னு போற ஆளு நீரு. புள்ளைய யாரு பாக்கா?"

மகள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். என் சட்டைப் பொத்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தாள்.

"நான் பாத்துக்கிடுதேன் மச்சான்."

"நீரா? உம்மகிட்ட கோழியே தங்கலயே, புள்ள எப்படித் தங்கும்?"

நியாயமான கேள்வி. அழுதிருக்கலாம், கோபப்பட்டிருக்கலாம். எனக்கு இரண்டும் வரவில்லை. எனக்கு வந்தது வாய்தான்.

"கோழி திரும்பி வந்துட்டா?"

மச்சான் என்னையே பார்த்தார். இவனிடம் பேசி என்ன ஆகப்போகிறது என்று அலுத்துப் போனார் போலிருக்கிறது. "கோயில் ஆடித்தபசுத் திருநாளுக்கு வருவேன். அன்னைக்கு உம்ம வீட்டுக் கூடையில கோழி முட்டை போட்டுச்சுன்னா புள்ள இங்கன இருக்கட்டும். போதுமா?" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் என் மகள் என் சட்டைப் பொத்தானை விட்டுவிட்டு நேரே போய்க் கூடையைப் பார்த்தாள்.

அன்றிலிருந்து அவளுக்கு அதே வேலை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைப் போட்டுவிட்டுக் கூடைக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்துவிடுவாள். புது வைக்கோல் போட்டோம். முட்டை வைக்க வேண்டுமே. கடையில் வாங்கலாம்தான். ஆனால் அப்போது எனக்கு இருந்த புத்தி எப்படிப்பட்டது என்றால், முட்டை அழுகும், அழுகாத முட்டை ஒன்றை வைத்துவிட்டால் ஆயுசுக்கும் கவலை இல்லை என்று தோன்றியது. தறிக்கூடத்தில் ஒரு ஃபியூஸ் போன பல்பு கிடந்தது. அதைக் கொண்டுவந்து சுண்ணாம்பைத் தடவிக் காயவைத்து, பித்தளை மூடி வெளியே தெரியாதபடி வைக்கோலுக்குள் புதைத்து வைத்தேன்.

கோழி வந்தது. பார்த்தது. அலகால் ஒரு தட்டுத் தட்டியது. 'டிங்' என்றது பல்பு. கோழி போய்விட்டது.

"எப்பா, இது எத்தனை வாட் முட்டை?" என்று மகள் கேட்டாள்.

அவள் அம்மா போன பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் கேலி அது. எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். பல் தேய்ந்த சக்கரம் சுற்றுமே, பிடிக்காமல், அந்த மாதிரி உள்ளே ஏதோ ஒன்று சுற்றிவிட்டு நின்றது.

சேமிப்பு ஏஜெண்டு அண்ணாச்சி சாவுக்குத் துட்டி கேட்க வந்தது அந்த வாரத்தில்தான். சம்பளச் சனிக்கிழமைகளில் தறிக்கூடத்து வாசலில் சைக்கிளோடு நிற்பார். மாதாமாதம் ஏதாவது போட்டு வை, போட்டு வை என்று ஒவ்வொருவர் பின்னாலும் வருவார். என்னிடம் மட்டும் அவர் பேச்சு பலித்ததே இல்லை. "அண்ணாச்சி, என் துட்டு என்கூடவே ஒரு ராத்திரி தங்க மாட்டேங்குது. உம்மகூட அஞ்சு வருசம் எப்படித் தங்கும்?" என்று சொல்லி நழுவிவிடுவேன்.

வந்தவர் துட்டி வீட்டு முறைப்படி என் கையைத் தொட்டுவிட்டு உட்கார்ந்தார். பிறகு அவர் கண் கூடைக்குப் போனது.

"என்னவே அது, பல்பா?"

"கோழிக்கு இருட்டுன்னா பயம் அண்ணாச்சி."

அவருக்குச் சிரிப்பு வந்து, துட்டி வீட்டில் சிரிக்கக் கூடாது என்று அடக்கி, இருமலாக மாற்றினார். விஷயத்தைச் சொன்னேன். மச்சான் சொன்ன நிபந்தனையையும் சொன்னேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இங்கிலீஷ்ல இதுக்கு ஒரு பேரே இருக்குவே. நெஸ்ட் எக். நெஸ்ட்னா கூடு. எக்னா முட்டை. கூட்டுல கெடக்க முட்டை. சேத்து வைக்கிற துட்டுக்குத்தான் அவன் அப்படிச் சொல்லுதான்."

பள்ளிக்கூடத்துக்குள் நான் போனது ஓட்டுப்போட மட்டும்தான். தமிழே சுவரொட்டியைப் பார்த்து எழுத்துக்கூட்டிப் படித்தது. ஆனாலும் எனக்குத் தெரிந்த மட்டுக்கு அர்த்தம் சொல்லிப் பார்த்தேன். "துட்டைப் போட்டு வச்சா அடைகாத்து, பொரிச்சு, குஞ்சாப் பெருகும். அதானே?"

"அப்படித்தான் நானும் நெனச்சிருந்தேன். அது இல்ல. எனக்கு டிரெயினிங் குடுத்த ஆபீசர் சொன்னாரு. சீமையில கோழி வளக்கவன் எல்லா முட்டையும் எடுக்க மாட்டானாம். ஒண்ணைக் கூட்டுலயே விட்டுருவானாம். நெச முட்டை அழுகிப்போவுதுன்னு பொறவு பீங்கான்ல முட்டை செஞ்சு வச்சானாம். அதைப் பாத்துட்டு, இதான் முட்டை போடுற எடம்னு கோழி திரும்பத் திரும்ப அங்கனயே வரும். அந்த ஒரு முட்டையைத் திங்கவும் கூடாது, விக்கவும் கூடாது. துட்டும் அப்படித்தானாம். தொடாம ஒண்ணு கெடந்தாத்தான் அடுத்தது வந்து சேரும். அதனால அந்தத் துட்டுக்கே கூட்டு முட்டைன்னு பேராகிப்போச்சு."

"வெள்ளைக்காரன் கோழியையுமா ஏமாத்தினான்? நம்மள மட்டும்தான்னுல்லா நெனச்சேன்."

"உம்ம வாயி இருக்கே" என்று எழுந்துகொண்டார். வாசல் வரைக்கும் போனவர் திரும்பி, "பல்பை எடுத்துட்டு நல்ல முட்டையா வையும்வே" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

அவர் போன பிறகு நான் மாடக்குழியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த டப்பாவிலிருந்து அவள் எனக்கு எதற்கும் இல்லை என்று சொன்னதில்லை. சினிமாவுக்குக் கேட்டிருக்கிறேன். தறி ஓடாமல் நின்ற நாட்களில் அரிசிக்குக் கேட்டிருக்கிறேன். கவிழ்த்துக் கொடுப்பாள். ஆனால் கடைசியாக ஒரு ரூபாயை எடுத்து மறுபடியும் உள்ளே போட்டு மூடியைத் திருகிவிடுவாள். "அந்த ஒரு ரூவாயையும் தாயேன், வட்டியோட தாரேன்" என்று கெஞ்சினாலும் நடக்காது. "அது கெடக்கட்டும்" என்பாள். கஞ்சத்தனம் என்று நினைத்து ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

மயானத்தில் வெட்டியான் அவள் நெற்றியிலிருந்து எடுத்துக்கொண்ட அந்த ரூபாய் எது என்று அப்போதுதான் தெரிந்தது.

தெரிந்து என்ன? உட்கார்ந்தே இருந்து கால் மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்போம் இல்லையா, கிள்ளுவது தெரியும், வலிக்காது. அப்படி இருந்தது. எழுந்து பல்பைத் தூக்கிக் குப்பையில் போட்டேன். எதிர்வீட்டுக்குப் போனேன்.

"மதினி, ஒரு முட்டை வேணும்."

"பொரிக்கவா, அவிக்கவா?"

"திங்கிறதுக்கு இல்ல."

மதினி விறகுக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்துத் தந்தாள். இன்னும் சூடு இருந்தது. மகள் அடுப்புக்கரியைக் கொண்டுவந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, அதன்மேல் ஒரு கோடு போட்டாள். கோணல்மாணலாக இருந்தது. அவள் அம்மா போடும் கோடு நேராக இருக்கும்.

மறுநாள் கோழி வந்து கூடைக்குள் எட்டிப் பார்த்தது. இறங்கவில்லை. அதற்கடுத்த நாள் உள்ளே இறங்கிக் கிளறிவிட்டுப் போனது. இப்படியே ஆடித்தபசு வந்துவிட்டது.

தபசு அன்று ஊர் ஊராக இருக்காது. எங்கள் தெருவிலேயே நடக்க இடமில்லை. மச்சான் துணிப்பையில் மிளகாய் வத்தலும் பருத்தியும் கொண்டுவந்திருந்தார். தபசுக் காட்சியின்போது அம்பாள் சப்பரத்தின் மேல் விளைந்ததை வீசுவது காட்டுக்காரர்கள் வழக்கம். பையைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கூடையைப் பார்த்தார். கரிக்கோடு போட்ட முட்டை மட்டும் கிடந்தது.

"இதுவா?"

"இது இல்ல மாமா. இது வச்ச முட்டை" என்றாள் மகள். ஒரு பொய் சொல்லியிருக்கலாம் அவள். என் பிள்ளை மாதிரியே இல்லை.

அந்த நேரத்தில் கோழி வந்தது. மூன்று பேரும் அசையவில்லை. வாசல்படி ஏறி, எங்களை ஒரு சுற்றுச் சுற்றி, கூடைக்குள் இறங்கியது. வைக்கோலை இழுத்து இழுத்து ஓரத்தில் போட்டது. கரிக்கோட்டு முட்டையை அலகால் வயிற்றுக்கு அடியில் தள்ளிக்கொண்டு, உப்பி உட்கார்ந்தது. கண்ணைக்கூட மூடியது. மச்சான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். போடு, போட்டுத் தொலை என்று அவரும் வேண்டிக்கொண்டிருந்தார். மகள் என் வேட்டியை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

கோயில் பக்கம் வேட்டுப் போட்டார்கள்.

கோழி எகிறி, மச்சானின் துணிப்பையைத் தட்டிவிட்டு, வாசல் வழியாகப் பறந்து, எதிர்வீட்டு விறகுக்குள் போய்விட்டது. வீடெல்லாம் வத்தல். மகள் தும்மினாள். மச்சான் தும்மினார். நானும் தும்மினேன். மூன்று பேர் கண்ணிலும் தண்ணீர் வந்தது. எனக்கு அந்த மாதத்தில் வந்த ஒரே கண்ணீர் அது, அதுவும் வத்தலால்.

கொஞ்ச நேரம் கழித்து மச்சான் சொன்னார். "உக்காந்துட்டுல்லா மாப்ளே. வேட்டுச் சத்தத்துக்குக் கோழி என்ன செய்யும்? இன்னும் ஒரு வாரம் வேணா பாப்பமா?"

அவர் அப்படிச் சொல்லுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மறுவாரம் எனக்கு ராத்திரி ஷிப்ட். முந்தின ராத்திரி ஷிப்ட் வாரம் மகளை மதினி வீட்டில் படுக்க வைத்துவிட்டுப் போயிருந்தேன். காலையில் வந்தால், எங்கள் வீட்டு வாசலில் பூட்டிய கதவோடு ஒட்டி உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மதினி எத்தனை தடவை தூக்கிக்கொண்டு போய்ப் படுக்க வைத்தாலும் எழுந்து வந்துவிடுகிறாளாம். இதை நான் மச்சானிடம் சொல்லியிருக்கவில்லை.

"கூட்டிட்டுப் போங்க மச்சான்" என்றேன்.

மகள் என்னைப் பார்த்தாள். வேட்டியை விட்டுவிட்டாள்.

அவள் துணிகளை நானே எடுத்துவைத்தேன். மொத்தமே ஒரு பை. பள்ளிக்கூட உடுப்பு, தீபாவளிக்கு எடுத்தது, அவள் அம்மா தைத்தது இரண்டு. கொடியில் ஒரு பச்சைப் பாவாடை காய்ந்துகொண்டிருந்தது. அதை எடுக்கக் கையைத் தூக்கினேன். கை பாதியில் நின்றுவிட்டது.

"இது ஈரமா இருக்கு" என்றேன்.

மச்சான் தொட்டுப் பார்த்தார். ஆடிக் காற்றில் மொடமொடவென்று காய்ந்திருந்தது. என்னைப் பார்த்தார். "ஆமா, ஈரமாத்தான் இருக்கு. கெடக்கட்டும்" என்றார்.

தெருமுனை திரும்பும்போது மகள் கத்தினாள். "எப்பா, அந்த முட்டைய எடுத்துராத!"

"நான் எங்க எடுக்கேன்? எனக்கு அது ருசி தெரியும்லா!" என்று நானும் கத்தினேன். கூட்டத்தில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கோழி எங்கள் கூடையில் முட்டை போட்டது அதற்கு ஒரு வாரம் கழித்து. நல்ல பெரிய முட்டை. ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து பார்த்துவிட்டு, யாரிடம் சொல்லுவது என்று தெரியாமல் நின்றேன். பிறகு எதிர்வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். மதினி, "பொறந்த வீட்டுக்கு வந்துட்டாளா" என்று மட்டும் சொன்னாள். வழக்கமான சத்தம் இல்லை. அடுத்த சம்பளத்தில் ஒரு ரூபாயை டப்பாவில் போட்டேன். அடியில் விழுந்து தனியாகச் சத்தம் கொடுத்தது. ஏஜெண்டு அண்ணாச்சியிடமும் ஒரு கணக்கு ஆரம்பித்தேன். அவர் நம்பாமல் என் கையெழுத்தை இரண்டு தடவை பார்த்தார்.

காலாண்டு லீவுக்கு மச்சான் அவளைக் கொண்டுவந்து விட்டார். வாசலில் ஏறியதும் அவள் என்னைப் பார்க்கவில்லை. கூடையைப் பார்த்தாள். கொடியைப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் என்னைப் பார்த்தாள். பச்சைப் பாவாடையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். கொஞ்சம் ஏறியிருந்தது. லீவு முழுக்க அதைத்தான் உடுத்தினாள். மதினிகூட, "ஏட்டி, அதைத் தோய்க்கவாவது அவுரு" என்று சத்தம் போட்டாள்.

திரும்பிப் போகிற அன்று காலையில், கூட்டிப்போக மச்சான் வந்து நிற்க, நான் பையில் துணிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். அவள் பாவாடையைத் தோய்த்து, எட்டாத கொடிக்கு எக்கி எக்கி, தானே காயப்போட்டாள். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஈரமா இருக்கு மாமா" என்றாள் மச்சானிடம்.

அவர் இந்தத் தடவை தொட்டுப் பார்க்கவில்லை.